முடிவுப் பட்டியல்

எழுதுகிறவர்களுக்கு நண்பனைப் பாராட்டுவது சங்கடமான காரியம். புத்தகத்தைக் கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்திருப்பவனிடம் 'நன்றாக வந்திருக்கிறது' என்கிறோம். அவன் அதை நம்புவதில்லை. சொல்லாமல் விட்டாலோ வருத்தப்படுகிறான். இந்தக் கொடுக்கல் வாங்கல் தெரியாத ஒரு சிறு கூட்டம் எனக்குக் கள்ளக்குறிச்சியில் வாய்த்திருக்கிறது. அவர்கள் ஓடுகிறவர்கள்.

அரிசி மண்டி வைத்திருப்பவர், பள்ளி ஆசிரியை, நர்ஸம்மா, மின்கம்பம் ஏறும் ஊழியர், நான் என ஐந்து பேர். விடிவதற்கு முன் கச்சிராயபாளையம் சாலையில் ஓட ஆரம்பிப்போம். கரும்பு வெட்டும் மாதங்களில் ஆலைக்குப் போகும் டிராக்டர்களுக்கு வழிவிட்டு மண்ணில் இறங்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் கோமுகி அணை வரை வண்டியில் போய், அங்கிருந்து வெள்ளிமலைக்கு ஏறும் பாதை. கல்வராயன் மலை ஒருவருக்கும் சலுகை காட்டுவதில்லை. ஒருமுறை, தலையில் மூட்டையுடன் இறங்கி வந்த மலைக்கிராமத்துப் பெண்மணி எங்களை நிறுத்தி, "பஸ்ஸுதான் வருதே, எதுக்கு ஓடுறீங்க?" என்று கேட்டார். எவருக்கும் பதில் சொல்ல வரவில்லை.

சென்ற ஜனவரியில் சென்னை மாரத்தானுக்கு மூவர் போனார்கள். மதியத்துக்குள் முடிவுகள் தொலைபேசிக்கு வந்துவிட்டன. மண்டிக்காரர் 4 மணி 41 நிமிடம். ஆசிரியை 5 மணி 12 நிமிடம். முந்தின தடவையைவிட 19 நிமிடம் குறைவு. மின் ஊழியர் முடிக்கவில்லை. 34-ஆவது கிலோமீட்டரில் தொடை இழுத்துப் பிடித்து உட்கார்ந்துவிட்டார்.

மறுநாள் மாலை டீக்கடையில் கொண்டாடினோம். மண்டிக்காரர் தானே ஒரு கணக்குப் போட்டுச் சொன்னார். 1978-ல் ஜாலந்தரில் சிவ்நாத் சிங் 2 மணி 12 நிமிடத்தில் ஓடினார். நாற்பது வருஷங்களுக்கு மேல் எந்த இந்தியராலும் அதை மிஞ்ச முடியவில்லை. "நான் வர்றதுக்குள்ள அவரு ரெண்டு தடவை ஓடிட்டு டீ குடிச்சிருப்பாரு" என்று சிரித்தார். தன் இடம் துல்லியமாகத் தெரிந்தும் சந்தோஷம் குறையாத மனிதரை நம் வட்டத்தில் நான் அதிகம் பார்த்ததில்லை. மின் ஊழியரிடம் நர்ஸம்மா சொன்னது ஒரே வாக்கியம்: "போன தடவை இருபத்தெட்டுலயே உக்காந்துட்டீங்க தம்பி." இதைவிடப் பெரிய பாராட்டு அன்று எவருக்கும் கிடைக்கவில்லை. அவர் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன்.

1908-ல் லண்டன் ஒலிம்பிக்ஸில் இத்தாலியின் டொராண்டோ பியெட்ரி முதல் ஆளாக மைதானத்துக்குள் நுழைந்தார். பிரக்ஞை தடுமாறித் தவறான திசையில் திரும்பினார். விழுந்தார், எழுந்தார், மீண்டும் விழுந்தார். பார்க்கப் பொறுக்காமல் அதிகாரிகள் தூக்கி நிறுத்திக் கோட்டைத் தாண்ட வைத்தார்கள். 2 மணி 54 நிமிடம் 46 விநாடி. அடுத்து வந்த அமெரிக்கர் ஜானி ஹேய்ஸின் தரப்பு ஆட்சேபிக்க, பியெட்ரியின் முடிவு ரத்தாயிற்று. மறுநாள் அரசி அலெக்ஸாண்ட்ரா அவருக்கு ஒரு கோப்பை தந்து கௌரவித்தார். தூக்கியவர்களிடம் துவேஷம் ஏதுமில்லை, இரக்கம்தான். அந்த இரக்கம் அவருடைய நாற்பத்திரண்டு கிலோமீட்டரையும் பட்டியலிலிருந்து அழித்துவிட்டது.

சிறு பத்திரிகைகளில் நாம் ஒருவருக்கொருவர் எழுதிக்கொள்ளும் மதிப்புரைகளை நினைக்கும்போதெல்லாம் இந்தக் கைகள் ஞாபகம் வருகின்றன. எழுத்துக்குக் கடிகாரம் இல்லையே என்று நண்பர்கள் சொல்லக்கூடும். வாஸ்தவம். ஒரு கவிதையை நிமிடங்களில் அளக்க முடியாது. ஆனால் ஒருவன் எதுவரை தன் காலால் வந்தான், எங்கிருந்து பழக்கமும் பிறர் சொற்களும் அவனைத் தூக்கிவந்தன என்பது கவனித்துப் படிக்கிறவனுக்குத் தெரியாமல் போவதில்லை. தெரிந்தும் மறைப்பதற்கு சிநேகம் என்று பெயர் வைத்திருக்கிறோம். நர்ஸம்மாவிடமும் சிநேகம்தான் இருந்தது. முப்பத்துநாலை அவர் நாற்பத்திரண்டு என்று சொல்லவில்லை, இருபத்தெட்டை மறக்கவுமில்லை. நண்பனுடைய பழைய தூரத்தை நினைவில் வைத்திருப்பது லேசான காரியமில்லை. அவனோடு கூட ஓடியிருக்க வேண்டும்.

என் மேஜையில் இப்போது நண்பர் ஒருவரின் நாவல் கைப்பிரதி கிடக்கிறது. இருநூற்றுப் பத்தாம் பக்கம்வரை அவருடைய முந்தைய நாவல்கள் எதுவும் எட்டாத இடத்துக்குப் போகிறார். அதற்குமேல் உட்கார்ந்துவிடுகிறார். வருகிற ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்கு வருகிறார். இரண்டையும் சொல்வதாக இருக்கிறேன்.