மழைக் கணக்கும் நீல எண்களும்

எங்க கரிசக்காட்டுல வருஷத்துக்கு எவ்வளவு மழைங்கிறது பெரிய விஷயமே இல்ல. புரட்டாசி, ஐப்பசியில எந்தத் தேதியில எவ்வளவு பெய்ஞ்சதுங்கிறதுதான் கணக்கு. எட்டு வருஷமா மழைமானி பார்த்து நோட்டில் குறித்ததை எக்செல்லில் ஏற்றி வைத்திருக்கிறேன். வருஷத்துக்கு ஒரு ஷீட், நாளுக்கு ஒரு வரி. மழை இல்லாத நாளுக்கும் பூஜ்யம் போட்டு ஒரு வரி உண்டு. அது ஏன்னு பின்னால சொல்றேன்.

தலைப்பு வரியில் ஃபில்டர் போட்டால் ஒவ்வொரு தலைப்பிலும் சின்ன அம்புக்குறி வரும். தேதியில் 'பிட்வீன்' எடுத்து செப்டம்பர் 15 முதல் அக்டோபர் 31 வரை கொடுக்கணும். அடுத்து மழையில் 2.5 மி.மீ.யும் அதற்கு மேலும். வானிலைத் துறை அந்த அளவு பெய்தால்தான் அதை மழை நாள் என்று எண்ணுகிறது. இரண்டு நிபந்தனைக்கும் பொருந்துகிற வரி மட்டும் நிற்கும். மற்றதெல்லாம் அழியாது, மறைஞ்சிருக்கும், அவ்வளவுதான். அதனால் மொத்தம் போடும்போது கவனம்: 'சம்' போட்டால் மறைந்த வரியும் கூட்டலில் சேரும். 'சப்டோட்டல்' 9 போட்டால் கண்ணுக்குத் தெரிகிறது மட்டும்.

எனக்குப் பிடித்தது ஓரத்தில் இருக்கிற வரி எண்தான். ஃபில்டர் போட்டதும் நீலமாகிவிடும், ஆனால் பழைய எண் மாறாது. ஒரு வருஷத்து ஷீட்டில் 268, அடுத்து 285. செப்டம்பர் 24-ல ஒரு மழை, அப்புறம் அக்டோபர் 11-லதான். நடுவில் பதினாறு நாள் உருப்படியான மழை இல்லை. பூஜ்யத்தை எழுதாமல் விட்டிருந்தால் இந்த இடைவெளி எண்ணில் தெரிந்தே இருக்காது.

மானாவாரிச் சோளத்தை மழைக்கு முந்தியே புழுதியில விதைக்கிறவங்களுக்கு இதுதான் பயம். கொஞ்ச மழைக்கு முளைச்சிரும், அப்புறம் வெயில்ல கருகிப்போகும். விதை, உழவுக்கூலி ரெண்டும் போச்சு.

சித்தப்பாவுக்கு எட்டு ஷீட்டையும் ஒவ்வொன்றாகக் காட்டினேன். மூன்றில் அப்படிப் பெரிய இடைவெளி.

"எட்டுல மூணாலே?" என்றார்.

"ஆமா சித்தப்பா."

கொஞ்ச நேரம் திரையையே பார்த்தார். "அப்ப மேலக்காட்டுல மட்டும் இப்ப போடுவோம். கீழக்காட்டு விதை மூட்டையிலயே கிடக்கட்டும்."