கணக்கில் வராத கேட்பவர்

1982ஆம் ஆண்டு லண்டனிலிருந்து ஓர் இரட்டை இசைத்தட்டு வெளிவந்தது. பெயர் 'ரெகமெண்டட் ரெக்கார்ட்ஸ் சாம்ப்ளர்'. இரண்டு தட்டு, நான்கு பக்கம். இங்கிலாந்து, பெல்ஜியம், பிரான்ஸ், ஜெர்மனி, அமெரிக்கா என்று பல நாட்டுக் குழுக்களின் இசை. அன்றைக்கு விற்பனைப் பட்டியல்களைப் பார்த்துத் தட்டு வாங்கியவர்கள் யாரும் இதைச் சீண்டியிருக்க மாட்டார்கள். ஆனால் நாற்பது வருடம் கழித்து, அது வெளிவந்தபோது பிறந்தே இராத ஒருவர், வேறு எதையோ தேடப்போய் இணையத்தில் இதில் தடுக்கி விழுகிறார். ஹெட்போனை மாட்டிக்கொண்டு கேட்கிறார். இரண்டாவது நிமிடத்தில் நிறுத்திவிடுகிறார். ஒரு வாரம் கழித்துத் திரும்பி வருகிறார். அப்புறம் விடுவதே இல்லை.

இந்தத் தாமதமான கேட்பவரைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. அவர் எந்த ஆண்டின் விற்பனைக் கணக்கிலும் இல்லாதவர். அப்படியானால் அவருடைய கைதட்டல் யாருக்குப் போய்ச் சேருகிறது?

யார் இவர்கள்?

எழுபதுகளின் தொடக்கத்தில் ப்ரோக்ரசிவ் ராக் என்பது நல்ல வியாபாரம். 1973இல் பிங்க் ஃப்ளாய்டின் 'டார்க் சைட் ஆஃப் த மூன்' வந்தது. அதே ஆண்டு மே மாதம் வர்ஜின் என்ற புதிய நிறுவனம் மைக் ஓல்ட்ஃபீல்டின் 'ட்யூபுலர் பெல்ஸ்' ஆல்பத்தோடு கடை திறந்தது. இரண்டும் லட்சக்கணக்கில் விற்றுத் தீர்ந்தன. நீளமான, சிக்கலான, பாடலே இல்லாத இசையையும் மக்கள் வாங்குவார்கள் என்று நிறுவனங்கள் நம்பிய காலம் அது.

அந்த நம்பிக்கையில்தான் சில விசித்திரமான குழுக்களுக்கும் ஒப்பந்தம் கிடைத்தது. 1968இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த ஃப்ரெட் ஃப்ரித், டிம் ஹாட்ஜ்கின்சன் என்ற இரண்டு மாணவர்கள் தொடங்கிய 'ஹென்றி கவ்' அதில் ஒன்று. ஜெர்மனியின் 'ஃபவுஸ்ட்' இன்னொன்று. ஃபவுஸ்டின் 'ஃபவுஸ்ட் டேப்ஸ்' என்ற முழு ஆல்பத்தை 1973இல் வர்ஜின் 50 பென்ஸுக்கும் குறைவாக, அதாவது பக்கத்துக்கு ஒரு பாட்டு உள்ள சிறிய தட்டின் விலைக்கு விற்றது. விலையைப் பார்த்து ஆயிரக்கணக்கானோர் அள்ளிக்கொண்டு போனார்கள். விலை குறைந்தால் தேவை கூடும் என்ற முதலாம் ஆண்டுப் பாடத்துக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. ஆனால் வாங்கியவர் எல்லாரும் கேட்டார்களா என்பதைத் தேவைக் கோடு சொல்லாது!

1977இல் அதே வர்ஜின் செக்ஸ் பிஸ்டல்ஸ் குழுவை ஒப்பந்தம் செய்தது. காற்று பங்க் பக்கம் திரும்பியது. மூன்று நிமிடம், மூன்று ஸ்வரக்கட்டு, முழுக் கோபம். ஹென்றி கவ் போன்றவர்கள் இரண்டு பக்கமும் சேராமல் நின்றார்கள். அவர்களிடமும் கோபம் இருந்தது. ஆனால் அது ஒற்றைப்படைத் தாளத்தில், பஸூன் குழலோடு வந்தது. அதை எந்த அலமாரியில் அடுக்குவது என்று கடைக்காரருக்கும் தெரியவில்லை.

அவர்கள் புலம்பிக்கொண்டு உட்காரவில்லை. 1978 மார்ச் 12 அன்று லண்டனில் உள்ள நியூ லண்டன் தியேட்டரில் ஐந்து குழுக்களைக் கூட்டி ஒரு விழா நடத்தினார்கள். இங்கிலாந்திலிருந்து ஹென்றி கவ், இத்தாலியிலிருந்து ஸ்டார்மி சிக்ஸ், ஸ்வீடனிலிருந்து சம்லா மம்மாஸ் மன்னா, பெல்ஜியத்திலிருந்து யுனிவர் ஸீரோ, பிரான்சிலிருந்து எட்ரான் ஃபூ லெலூப்லான். விழாவின் பெயர் 'ராக் இன் ஆப்போசிஷன்', எதிர்ப்பில் நிற்கும் ராக். இசை நிறுவனங்கள் நீங்கள் கேட்கக் கூடாது என்று நினைக்கும் இசை இது என்பதுதான் விளம்பர வாசகத்தின் சாரம்.

அந்த ஆண்டு டிசம்பரில் சுவிட்சர்லாந்தில் கூடி, சங்கத்தில் சேர மூன்று தகுதிகளை வகுத்தார்கள். இசை தரமாக இருக்க வேண்டும். இசை வணிகத்துக்கு வெளியே இயங்க வேண்டும். ராக் இசைக்குச் சமூகப் பொறுப்பு உண்டு என்று ஏற்க வேண்டும். ஆர்ட் பேர்ஸ், ஆர்ட் ஸாய்ட், அக்ஸாக் மபூல் என்ற மூன்று குழுக்கள் புதிதாகச் சேர்ந்தன. இதில் வேதனை என்னவென்றால், விழாவைத் தொடங்கி வைத்த ஹென்றி கவ் அதற்குள் கலைந்துவிட்டிருந்தது. அவர்களுடைய கடைசி ஆல்பமான 'வெஸ்டர்ன் கல்ச்சர்' சொந்த லேபிளில் வெளிவந்தது. சங்கமும் நீண்ட நாள் நிலைக்கவில்லை.

சிபாரிசு

சங்கம் போனது, ஆனால் ஒரு கடை மிஞ்சியது. ஹென்றி கவ்வின் டிரம்மர் கிறிஸ் கட்லர் 1978இல் தொடங்கிய ரெகமெண்டட் ரெக்கார்ட்ஸ்தான் அது. தமிழில் 'சிபாரிசு' என்றாலே முகம் சுளிப்பவர்கள் உண்டு. யாரோ பெரிய மனிதரின் கடிதம், பின்வாசல் என்றுதான் நினைவுக்கு வரும். இந்தச் சிபாரிசு வேறு மாதிரி. விற்கும் என்பதற்காக ஒரு தட்டை எடுத்து வைப்பதில்லை. 'இதை நாங்கள் கேட்டோம், நீங்களும் கேளுங்கள்' என்று தாங்கள் கையெழுத்துப் போடக்கூடிய தட்டுகளை மட்டும் தபால் மூலம் விற்பது. கடையின் பெயரே அதன் கொள்கை.

அந்தக் கடை தொடக்கத்திலேயே செய்த வேலைகளில் ஒன்று, ஃபவுஸ்டின் 1971ஆம் ஆண்டு முதல் ஆல்பத்தைத் தேடிப் பிடித்து மறுபடி அச்சிட்டது. அச்சில் இல்லாமல் போன ஒரு தட்டுக்கு இரண்டாவது ஆயுள். அதாவது, கடையை நடத்தியவர்களுக்கே தெரிந்திருந்தது: இந்த இசைக்கான ஆட்கள் உண்டு, ஆனால் அவர்கள் தாமதமாகத்தான் வருவார்கள்.

1982 தொகுப்பை இந்த வெளிச்சத்தில்தான் பார்க்க வேண்டும். சாம்ப்ளர் என்றால் மாதிரி. பலாப்பழம் விற்பவர் ஒரு சுளையைக் கொடுத்து 'தின்னு பாருங்க, அப்புறம் வாங்குங்க' என்பாரே, அதுதான். பெரிய நிறுவனங்களும் இப்படிச் செய்வதுண்டு. ஏற்கெனவே விற்ற ஆல்பங்களிலிருந்து ஆளுக்கொரு பாட்டை வெட்டி ஒட்டி மலிவு விலையில் தள்ளுவார்கள். இந்தத் தொகுப்பு அப்படியல்ல. ஹென்றி கவ் கலைகிற சமயத்தில் பதிவு செய்து 'வெஸ்டர்ன் கல்ச்சர்' ஆல்பத்தில் சேர்க்காமல் விட்ட 'விவா பா உபு' இதில்தான் வந்தது. அப்போது வேறெங்கும் கிடைக்காத சுளை!

உள்ளே என்ன இருக்கிறது?

தாமதமாக வருபவருக்கு முதலில் கிடைப்பது குழப்பம்தான். ராக் என்று நினைத்துக் கேட்கத் தொடங்கினால், யுனிவர் ஸீரோவில் பஸூனும் வயலினும் ஹார்மோனியமும் வருகின்றன. நாடகக் கொட்டகையிலும் பஜனை மடத்திலும் கேட்டுப் பழகிய ஹார்மோனியம் ஒரு பேய்க்கதைக்கு நடுவே மூச்சு விட்டால் எப்படி இருக்கும்? டேனியல் தெனியின் டிரம்ஸ் அதை ஓட்டிக்கொண்டு போகிறது. வட பிரான்சின் ஆர்ட் ஸாய்ட் அந்த ஆண்டுகளில் டிரம்ஸே இல்லாமல் தாளத்தை நடத்தியது. வயலினும் டிரம்பெட்டும் பேஸ் கிட்டாரும் ஒன்றையொன்று துரத்துவதிலேயே தாளம் பிறந்துவிடும்.

'விவா பா உபு' என்ற தலைப்பு ஆல்ஃபிரெட் ஜாரியின் 1896ஆம் ஆண்டு நாடகத்தின் கோமாளிக் கொடுங்கோலனை நினைவூட்டுவது. ஹென்றி கவ்வை இறுக்கமான, சிரிக்கத் தெரியாத ஆட்கள் என்று கேள்விப்பட்டு வருபவர்களுக்கு இது ஓர் ஆச்சரியம். ஃப்ராங்ஃபர்ட்டிலிருந்து ஹைனர் கோபெல்ஸ், ஆல்ஃபிரெட் ஹார்த் இரட்டையர் வருகிறார்கள். கோபெல்ஸ் பின்னாளில் ஐரோப்பிய நாடக மேடைகளில் பெரிய பெயர் ஆனார். 1973இல் மாடி ஜன்னலிலிருந்து விழுந்து இடுப்புக்குக் கீழே செயலிழந்து, சக்கர நாற்காலியிலிருந்து பாடிய ராபர்ட் வையட்டின் குரலும் இந்தத் தட்டில் உண்டு. முஷ்டியை உயர்த்தாமல், தூங்கும் பிள்ளையை எழுப்பிவிடக் கூடாது என்பதுபோல மென்மையாகப் பாடுகிற குரல் அது. அரசியல் நிறைந்த இந்தக் கூட்டத்தில், சத்தம் போடாமலும் ஒரு பக்கம் நிற்க முடியும் என்று அந்தக் குரல் காட்டுகிறது.

எல்லாமே நன்றாக இருக்கிறது என்று சொல்ல முடியாது. சில துண்டுகள் தொடங்கும் முன்னே முடிந்துவிடுகின்றன. சில, முடிந்தால் தேவலை என்று தோன்றும்போதும் தொடர்கின்றன. ஆனால் நான்கு பக்கமும் ஓடி முடிந்ததும் கேட்பவருக்கு ஒன்று பிடிபடுகிறது. இவர்கள் ஒருவரைப் போல ஒருவர் ஒலிக்கவே இல்லை. இவர்களை ஒரே உறைக்குள் போட்டது பாணி அல்ல. விற்காது என்று தெரிந்தும் செய்தார்கள் என்ற ஒரே உறவுதான்.

வாராக்கடன்

வணிகவியல் மாணவர்களுக்கு ஒரு பதிவு நினைவிருக்கும். ஒருவர் தர வேண்டிய பணம் வராது என்று தெரிந்ததும் அதை வாராக்கடன் என்று போக்கெழுதிவிடுவார்கள். பல வருடம் கழித்து அவர் திடீரென்று வந்து பணத்தைக் கொடுத்தால்? ரொக்கக் கணக்கில் பற்று வைத்து, வாராக்கடன் வசூல் கணக்கில் வரவு வைக்க வேண்டும். கடனாளியின் பெயரில் வரவு வைத்தால் மதிப்பெண் போச்சு. அவருடைய கணக்கு எப்போதோ மூடியாகிவிட்டது.

தாமதமான கேட்பவர் அப்படிப்பட்ட வாராக்கடன்தான். 1978இலேயே இசைத்தொழில் அவரைப் போக்கெழுதிவிட்டது. நாற்பது வருடம் கழித்து அவர் வந்து நிற்கிறார், கை நிறைய ரசனையோடு. ஆனால் பாடப்புத்தகக் கணக்கில் ஒரு வசதி உண்டு. பணம் வரும்போது நிறுவனம் அங்கேயே இருக்கும். இங்கே நிறுவனமே கலைந்துவிட்டது. ஹென்றி கவ் 1978இல் போயிற்று. ஆர்ட் பேர்ஸ் மூன்று ஆல்பங்கள் செய்துவிட்டு, இந்தத் தொகுப்பு வருவதற்கு முன்பே நின்றுவிட்டது. வரவை எந்தக் கணக்கில் வைப்பது?

'நல்ல கலை என்றைக்காவது மதிக்கப்படும்' என்று சொல்வது எளிது. சொல்பவருக்கு வாடகை கட்ட வேண்டியதில்லை. லிண்ட்சே கூப்பரை எடுத்துக்கொள்ளலாம். ஹென்றி கவ்வில் பஸூனும் ஓபோவும் வாசித்தவர். 'வெஸ்டர்ன் கல்ச்சர்' ஆல்பத்தின் இரண்டாம் பக்கத்தில் பெரும்பகுதி அவர் எழுதியது. மல்டிபிள் ஸ்க்லெரோசிஸ் என்ற நரம்பு நோய் அவரைப் பிடித்தது. அதோடு போராடிக்கொண்டே பல ஆண்டுகள் இசை எழுதினார். பிறகு வாசிக்க முடியாமல் போனது. 2013 செப்டம்பரில் காலமானார். 2014 நவம்பரில் பழைய தோழர்கள் கூடி லண்டனிலும் ஹடர்ஸ்ஃபீல்டிலும் இத்தாலியின் ஃபோர்லியிலும் அவருடைய இசையை வாசித்தார்கள். கேட்க ஆட்கள் வந்தார்கள். கேட்க வேண்டிய ஒருவர் மட்டும் இல்லை.

இது ஒரு பக்கம். பேரேட்டில் இன்னொரு பக்கமும் உண்டு. 2007இல் தென் பிரான்சில் கார்மோ அருகே 'ராக் இன் ஆப்போசிஷன்' என்ற அதே பெயரில் மறுபடி விழா தொடங்கியது. 2009இல் ஹென்றி கவ்வின் பழைய ஒலிப்பதிவுகள் ஒரு பெரிய பெட்டித் தொகுப்பாக வந்தன; முன்கூட்டியே சந்தா கட்டியவர்களுக்கு ஒரு தட்டு கூடுதலாகக் கிடைத்தது. தட்டு அச்சாகும் முன்பே பணம் கட்ட ஆட்கள் இருந்தார்கள் என்றால் என்ன அர்த்தம்? வராது என்று எழுதிய கடன் முன்பணமாக வந்திருக்கிறது! 2019இல் பெஞ்சமின் பீகட் என்ற ஆய்வாளர் இந்தக் குழுவைப் பற்றித் தடிமனான ஒரு புத்தகமே எழுதினார்.

கேட்பவர் என்ன செய்யலாம்?

தாமதமாக வந்தவர் குற்ற உணர்வில் தலை குனிய வேண்டியதில்லை. 1982இல் அவர் பிறக்கவில்லை என்பது அவர் தவறா என்ன? ஆனால் இலவசமாகக் கேட்டுவிட்டு 'அந்தக் காலத்து மேதைகள்' என்று பெருமூச்சு விட்டுப் போவதோடு நிறுத்தினால், அன்றைய சந்தை செய்த அதே காரியத்தை அவரும் இன்னொரு முறை செய்கிறார். இவர்களில் பலர் கலைந்த பிறகும் வேறு பெயர்களில் தொடர்ந்து வாசித்தவர்கள். பிடித்த ஒருவரின் தட்டை அவருக்குக் காசு போய்ச் சேரும் வழியில் ஒன்றே ஒன்று வாங்கலாம்.

அதற்கும் வழியில்லாத மாணவர்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. இந்தத் தட்டின் பெயரிலேயே அது இருக்கிறது. இன்னொருவரிடம் சொல்வது. முதல் இரண்டு நிமிடத்தில் நிறுத்திவிடாதே என்பதையும் சேர்த்துச் சொல்வது. அதோடு, இன்றைக்குப் பக்கத்துத் தெருவில் யாருமே வாங்காத இசையை வாசித்துக்கொண்டிருப்பவர் யாராவது இருந்தால், நாற்பது வருடம் காத்திருக்காமல் இந்த ஞாயிற்றுக்கிழமையே போய் உட்கார்ந்து கேட்பது. அந்த வரவு வைக்க வேண்டிய கணக்கு இன்னும் திறந்தே இருக்கிறது.