ஒருத்திக்கு எதுக்கு மூணு நம்பர்?

டேட்டாபேஸ் பற்றி எழுத பி.காம். படித்த பேங்க்காரனுக்கு என்ன தகுதி என்று கேட்பீர்கள். கம்ப்யூட்டர் வருவதற்கு முன்பே டேட்டாபேஸ் வைத்துப் பிழைத்தவர்கள் நாங்கள். அதற்கு லெட்ஜர் என்று பெயர், அவ்வளவுதான் :-)

காலேஜ் போகும் நம் பிள்ளைகளைக் கேட்டால் டேபிள், கீ, நார்மலைசேஷன் என்று ஒப்பிப்பார்கள். அதையே பாஸ்புக் பாஷையில் சொல்லிப் பார்க்கிறேன். ஊர் விட்டு ஊர் வந்த நமக்கு இதில் சொந்தக் கவலை ஒன்றும் இருக்கிறது.

பழைய லெட்ஜரில் ஒரு கணக்குக்கு ஒரு பக்கம். மேலே பெயர், விலாசம். கீழே பற்று, வரவு, இருப்பு. ஒருவருக்கு எஸ்.பி. கணக்கு, ஃபிக்சட் டெபாசிட், ஆர்.டி., லாக்கர் என்று இருந்தால் நாலு புத்தகத்தில் நாலு தடவை அவர் விலாசம். வீடு மாறினால் நாலையும் திருத்த வேண்டும். மூன்றைத் திருத்தி ஒன்றை விட்டுவிட்டால்? எது சரியான விலாசம் என்று புத்தகத்தைப் பார்த்துச் சொல்லவே முடியாது. டெபாசிட் கடிதம் பழைய வீட்டுக்குப் போகும்.

1970-ல் ஐ.பி.எம்.மில் இருந்த எட்கர் காட் என்பவர் ஒரு கட்டுரை எழுதினார். தகவலையெல்லாம் டேபிள்களாக வையுங்கள், ஒரு டேபிளையும் இன்னொன்றையும் அவற்றில் இருக்கும் மதிப்புகளைக் கொண்டே இணையுங்கள் என்பது அதன் சாரம். அதன் தொடர்ச்சியாக வந்ததுதான் நார்மலைசேஷன். பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். ஒரு தகவல் ஒரே இடத்தில் இருக்கட்டும். தேவைப்படுகிறவர்கள் அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளட்டும். அவ்வளவுதான் விஷயம்.

பேங்க்குக்கு அப்படி வரைந்தால், வாடிக்கையாளருக்கு ஒரு டேபிள்: எண், பெயர், பிறந்த தேதி, விலாசம். கணக்குக்கு ஒன்று: கணக்கு எண், வகை, திறந்த தேதி. வரவு பற்றுக்கு ஒன்று. ஜாயின்ட் அக்கவுன்ட்? கணக்கு டேபிளிலேயே முதல் பெயர், இரண்டாம் பெயர் என்று இரண்டு கட்டம் போட்டுவிட்டால், நாளைக்கு மகளையும் சேர்க்க வந்தால் இடம் இருக்காது. ஒருவருக்குப் பல கணக்கு, ஒரு கணக்குக்குப் பல பேர். அதனால் 'இந்தக் கணக்கு, இந்த ஆள்' என்று வரிவரியாகச் சொல்ல நாலாவதாக ஒரு டேபிள் வேண்டும்.

எல்லாவற்றையும் கட்டிப் பிடிப்பது கீ. ஒரு வரியைத் தவறில்லாமல் அடையாளம் காட்டும் எண். பெயர் கீ ஆகாது, ஒரே பெயரில் ஆயிரம் பேர். மொபைல் நம்பரும் ஆகாது, நாம் விட்ட நம்பர் வேறொருவருக்குப் போய்விடும். நல்ல கீ மாறக்கூடாது. மாறாமல் இருக்க வேண்டுமென்றால் அதற்குள் அர்த்தம் எதையும் திணிக்காமல் இருப்பது உத்தமம்.

உதாரணம் உங்கள் பர்ஸிலேயே இருக்கிறது. பான் கார்டை எடுத்துப் பாருங்கள். பத்து எழுத்தில் நாலாவது 'பி' என்றால் தனிநபர். ஐந்தாவது உங்கள் சர்நேமின் முதல் எழுத்து. அப்பா ராமசாமி பெயரில் பான் வாங்கிய பெண் கல்யாணத்துக்குப் பிறகு சுப்பிரமணியன் என்று மாற்றிக்கொண்டாலும் நம்பரில் 'ஆர்' அப்படியே நிற்கும். ஐ.எஃப்.எஸ்.சி. இன்னும் மோசம். அதன் முதல் நாலு எழுத்து பேங்க்கின் பெயர். 2020 ஏப்ரல் 1-ல் அலகாபாத் பேங்க் இந்தியன் பேங்க்கோடு இணைந்தது. அதன் பிறகு கிளை அதே தெருவில், அதே கட்டடத்தில் இருந்தும் கோடு மாற வேண்டியதாயிற்று. ஆதார் எண்ணில் இந்தத் தொல்லை இல்லை. 12 இலக்கத்தைப் பார்த்து ஊரையோ, வயதையோ, சாதியையோ யாரும் சொல்ல முடியாது.

இப்போது சொந்தக் கவலைக்கு வருகிறேன். நான் நாக்பூரில் இருக்கிறேன். இங்கே பெயர் என்றால் மூன்று துண்டு: தன் பெயர், அப்பா அல்லது கணவர் பெயர், குடும்பப் பெயர். கவுன்டரில் "ஆட்நாவ் காய்?" என்று கேட்பார்கள். குடும்பப் பெயர் என்ன என்று அர்த்தம். படிவமும் அதே மூன்று கட்டம், கடைசிக் கட்டத்தைக் காலியாக விடக் கூடாது என்று கம்ப்யூட்டருக்கு உத்தரவு. இனிஷியலோடு வந்த நம்மவரை என்ன செய்வார்கள்? ஒருவர் அப்பா பெயரைப் போடுவார், இன்னொருவர் சொந்தப் பெயரையே இரண்டு தடவை போடுவார், மூன்றாமவர் ஒரு புள்ளி வைத்துவிடுவார்.

எங்கள் கிளைக்கு ஒரு தமிழ் அம்மா வருவார். வயது எழுபதுக்கு மேல். பெயர் மீனாட்சி என்று வைத்துக்கொள்வோம். கல்யாணத்துக்கு முன் மதுரையில் திறந்த கணக்கில் 'ஆர். மீனாட்சி'. இங்கே வந்து திறந்ததில் 'மீனாட்சி சுப்பிரமணியன்'. கணவர் இறந்த பிறகு போட்ட டெபாசிட்டில் 'மீனாட்சி மீனாட்சி'. ஒரே பேங்க், மூன்று வாடிக்கையாளர் எண். மூன்றாவதில் யாரோ பிறந்த தேதியைச் சரியாக ஏற்றவில்லை. அதனால் சீனியர் சிட்டிசனுக்கான கூடுதல் வட்டி அந்த டெபாசிட்டுக்கு வரவே இல்லை.

"ஏன் தம்பி, நான் ஒருத்திதானே? எனக்கு எதுக்கு மூணு நம்பர்?" என்று கேட்டார்.

டேட்டாபேஸ் பாடப் புத்தகம் முழுவதும் அந்தக் கேள்விக்குள் இருக்கிறது. 2012-லேயே ரிசர்வ் பேங்க், ஒரு வாடிக்கையாளருக்கு ஒரே அடையாள எண் கொடுங்கள் என்று எல்லா பேங்க்குகளுக்கும் சொல்லிவிட்டது. ஆனால் பெயரை மூன்று விதமாக எழுதினால், மூன்றும் ஒரே ஆள் என்று மெஷினுக்கு எப்படித் தெரியும்? ஆதார், பான், கல்யாணப் பத்திரம் எல்லாம் வாங்கி, கடிதம் எழுதி, மூன்றையும் ஒன்றாக்கினோம். அடுத்த புதுப்பித்தலில் இருந்து கூடுதல் வட்டி வந்தது. அதற்கு முன் போனது போனதுதான்.

அந்த டேபிளை வரைந்தவர் கெட்டவர் இல்லை. தன் ஊரில் எல்லோருக்கும் இருப்பது உலகத்தில் எல்லோருக்கும் இருக்கும் என்று நினைத்தார். 'முழுப் பெயர்' என்று ஒரே கட்டம் போட்டு, அப்பா பெயருக்குத் தனியாக ஒன்று வைத்திருந்தால் மீனாட்சியம்மா ஒருத்தியாகவே இருந்திருப்பார். சாஃப்ட்வேரில் இருக்கும் நம் பிள்ளைகள் படிவம் வரையும்போது, சர்நேம் கட்டத்துக்குப் பக்கத்தில் 'கட்டாயம்' என்று குறி வைப்பதற்கு முன் சொந்தப் பாட்டியின் பெயரை அதில் ஒருமுறை போட்டுப் பார்க்கட்டும்.

நம் பங்குக்கு நாம் செய்யக்கூடியது: ஆதார், பான், பாஸ்புக் மூன்றிலும் பெயர் ஒரே மாதிரி இருக்கிறதா என்று இந்த ஞாயிற்றுக்கிழமை எடுத்து வைத்துப் பாருங்கள். பேங்க்கில் உங்களுக்கு எத்தனை வாடிக்கையாளர் எண் என்று கேளுங்கள். ஒன்றுக்கு மேல் இருந்தால் ஒன்றாக்கச் சொல்லி எழுதிக் கொடுங்கள். ஊரில் இருக்கும் அப்பா அம்மாவுக்கும் போன் போட்டுக் கேளுங்கள். அவர்கள் பாஸ்புக்கில்தான் இனிஷியல் அதிகம்.