சம்னர் வாதாடித் தோற்ற வழக்கு

அமெரிக்கச் செனட் சபையில் 1851 முதல் 1874-இல் இறக்கும்வரை அங்கம் வகித்தவர் சார்லஸ் சம்னர். அவரைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் அச்சபையில் அவர் அடிபட்ட கதையையே பேசுவர். நாமோ, அதற்குமுன் அவர் வக்கீலாயிருந்து தோற்ற ஒரு வழக்கையே பெரிதென மதிக்கிறோம்.

பாஸ்டன் நகரில் சாரா ராபர்ட்ஸ் என்னும் ஐந்து வயதுக் கறுப்பினச் சிறுமி இருந்தாள். கறுப்பர் பள்ளிக்கூடத்துக்கு அவள் நடக்கும் வழியில் வெள்ளையர் பள்ளிக்கூடங்கள் ஐந்து உண்டு. ஒன்றிலேனும் அவளுக்கு இடமில்லை. தகப்பனார் நகரத்தின்மீது வழக்குத் தொடுத்தார். ராபர்ட் மாரிஸ் என்ற கறுப்பின வக்கீலோடு சேர்ந்து, 1849 டிசம்பரில் மாசசூசெட்ஸ் மாகாணத் தலைமை நீதிமன்றத்தில் சம்னர் வாதாடினார்.

சட்டத்தின்முன் யாவரும் சமம் என்பதே அவ்வாதத்தின் உயிர். பாடம் ஒன்றேயாயினும், பிரித்துவைப்பதே இழிவுபடுத்துவதாகும். அது ஒதுக்கப்பட்ட குழந்தையை மட்டுமன்றி, ஒதுக்கும் குழந்தையையும் கெடுக்கும் என்றார். இதற்கு அவர் காட்டிய உதாரணங்களுள் ஒன்று இந்தியாவின் ஜாதி! அரசியல் சட்டத்தில் சமத்துவத்தை எழுதிவைத்துவிட்டு, நடைமுறையில் ஜாதியைப் புகுத்தலாமா என்று கேட்டார். கடல் கடந்த அவ்வூரில் ஓர் இழிவுக்கு உவமை தேடவேண்டி வந்தபோது நம்மவர் வழக்கமே முன்வந்து நின்றது. அவ்விடத்தை ஆங்கிலத்தில் படிக்கையில் நாம் நாணினோம். இதையும் நம் புராதனப் பெருமையாகக் கொள்ளும் பெரியோர் இருக்கக்கூடும். 1869-இல் ஜாதியைப் பற்றியே தனியாக ஒரு சொற்பொழிவும் செய்தார்.

1850-இல் தலைமை நீதிபதி லெமுவேல் ஷா வழக்கைத் தள்ளினார். 1855-இல் மாகாணச் சட்டசபையே பள்ளிகளில் நிறப் பிரிவினையை ஒழித்துவிட்டது. ஆயினும் ஷாவின் தீர்ப்பு சாகவில்லை. நிறத்துக்கொரு ரயில் பெட்டி வைப்பது செல்லுமென 1896-இல் அமெரிக்க உச்சநீதிமன்றம் சொன்னபோது, அத்தீர்ப்பையே துணைக்கழைத்தது.

சம்னர் குற்றமற்றவரென்று நாம் கூறோம். செருக்கு மிகுதி, நாவடக்கம் குறைவு. 1856 மே மாதம், கான்சாஸில் அடிமைமுறையைப் புகுத்த முயன்றோரைக் கண்டித்த பிரசங்கத்தில், சபையில் இல்லாத செனட்டர் பட்லரை ஏளனம் செய்தார். இரண்டு நாளில் பட்லரின் உறவினரான பிரஸ்டன் புரூக்ஸ் என்னும் பிரதிநிதிசபை உறுப்பினர், செனட் மண்டபத்திலேயே அவரைக் கைத்தடியால் மூர்ச்சையாகும்படி அடித்தார். தேறுவதற்குச் சுமார் மூன்றாண்டு சென்றது. மாசசூசெட்ஸ் மாகாணம் அவரையே மறுபடி தேர்ந்தெடுத்து, நாற்காலியைக் காலியாகவே விட்டிருந்தது.

மரணப்படுக்கையிலும் தமது சமவுரிமை மசோதாவைக் கைவிடவேண்டாமென்றே நண்பர்களிடம் வேண்டினார். 1875-இல் அது சட்டமாயிற்று, பள்ளிக்கூடங்களைப் பற்றிய பகுதி நீக்கப்பட்டு! 1883-இல் எஞ்சியதன் முக்கியப் பகுதியையும் உச்சநீதிமன்றம் செல்லாதென்றது. பொதுப் பள்ளிகளில் நிறப் பிரிவினை கூடாதென்று அதே நீதிமன்றம் தீர்ப்பளித்தது 1954-இல். சாராவுக்காகச் சம்னர் வாதாடி அப்போது 100 ஆண்டுகளுக்கு மேலாகியிருந்தன.