படத்தில் இல்லாதவர்





சில வாரங்களுக்கு முன் கம்மாபுரத்தில் நம் மூப்பர் ஐயாவை நல்லடக்கம் செய்தோம். விருத்தாசலம் செராமிக் தொழிற்பேட்டையில் சூளை வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஞானஸ்நானம், திடப்படுத்தல், திருமணம், அறுப்பின் பண்டிகை என்று சபையில் எது நடந்தாலும், தோளில் பழைய ஃபிலிம் கேமராவோடு முதலில் வந்து நின்றவர் அவரே. அன்று பெட்டியின் அருகே வைக்க அவருடைய படம் ஒன்றைத் தேடினோம். மூன்று ஆல்பங்களைப் புரட்டியும் அவர் ஒன்றிலும் இல்லை. கடைசியில் வாக்காளர் அட்டையிலிருந்த சிறு படத்தைப் பெரிதாக்கி வைத்தோம். முகம் மங்கலாகத் தெரிந்தது.

பின்னர் அவருடைய மனைவி அந்தக் கேமராவை என்னிடம் கொடுத்தார்கள். அதன் லென்ஸ் ஓரத்தில் ஒரு சிறு நெம்புகோல் இருந்தது. அதுதான் செல்ஃப் டைமர். அதை இழுத்தால் உள்ளே ஒரு சுருள்வில் முறுக்கேறும். பொத்தானை அழுத்தியதும் அந்த வில் பற்சக்கரங்களைச் சுழற்றிக்கொண்டே தளரும். கடிகாரத்தில் உள்ளதுபோன்ற ஒரு சிறு துண்டு இருபக்கமும் அசைந்து, சக்கரங்கள் விரைந்து ஓடிவிடாமல் தடுக்கும். ஏறத்தாழ 10 விநாடி கழித்து ஷட்டர் தானாகத் திறந்து மூடும். படம் எடுப்பவர் ஓடிவந்து மற்றவர்களோடு நிற்க அந்த நேரம் போதும்.

நான் இழுத்தபோது நெம்புகோல் பாதியிலேயே நின்றுவிட்டது. பழைய கேமராக்களில் இது வழக்கமான குறை. வலிந்து தள்ளினால் ஷட்டரே சிக்கிக்கொள்ளும். ஆகவே விருத்தாசலத்தில் கடிகாரம் பழுதுபார்க்கும் ஒருவரிடம் கொண்டுபோனேன். எண்ணெய் உலர்ந்து பிசினாகிவிட்டது என்றார். சுத்தம் செய்து கொடுக்கும்போது, "ஐயா, இதை யாரும் பல வருஷமாகத் தொட்டதே இல்லை போலிருக்கிறது" என்றார்.

அந்தச் சொல் என்னை விட்டு அகலவில்லை. நம் நாட்டில் பல வீடுகளில் இருந்த ஆக்ஃபா கிளிக் 3 போன்ற எளிய கேமராக்களில் செல்ஃப் டைமரே கிடையாது. கேபிள் ரிலீஸ் பொருத்தும் வசதியுள்ள கேமராக்களுக்கென்று, அந்தக் கேபிளின் முனையில் மாட்டி முறுக்கிவிடும் ஆட்டோநிப்ஸ் போன்ற ஜெர்மானியக் கருவிகள் இருந்தன. அவ்வசதி இல்லாதவர்கள் படத்துக்கு வெளியே நிற்பதைத் தவிர வேறு வழியில்லை. மூப்பர் ஐயாவுக்கோ வழி இருந்தது. அழைப்புதான் இல்லை. ஆண்டுதோறும் வெள்ளை அங்கியோடு நடுவில் நின்றவன் நான். "போதகர் ஐயா, கொஞ்சம் வலப்பக்கம்" என்று அவர் சொல்ல, நான் நகர்ந்தேன். "நீங்களும் வந்து நில்லுங்கள்" என்று ஒருமுறைகூட நான் சொல்லவில்லை. 10 விநாடி காத்திருக்க எனக்குப் பொறுமை இல்லாமல் போயிற்று. இதை உங்கள்முன் அறிக்கையிடுகிறேன்.

ரோமருக்கு எழுதப்பட்ட நிருபத்தை வாசிக்கும் நாம் பவுலை நினைக்கிறோம். அவர் சொல்லச் சொல்ல எழுதிய கை வேறொருவருடையது. 16ஆம் அதிகாரம் 22ஆம் வசனத்தைத் திறந்து பாருங்கள். பதினைந்து அதிகாரங்களுக்குமேல் மறைந்திருந்த தெர்தியு என்பவர், அங்கே தம் பெயரைச் சொல்லிச் சபையாரை வாழ்த்துகிறார். ஒரே ஒரு வசனம். உடனே மீண்டும் மறைந்துவிடுகிறார். ஆனாலும் அந்த இடத்தில் பவுல் சற்றுப் பொறுத்திருக்கிறார். எழுதுகிறவரும் கர்த்தருக்குள் சகோதரர் என்பதை அவர் மறக்கவில்லை. அந்தச் சிறு பொறுமையினால், ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகள் கழித்தும் தெர்தியுவின் பெயர் நம் கையில் இருக்கிறது.

அந்தரங்கத்தில் காண்கிற பிதா மூப்பர் ஐயாவை எந்நாளும் கண்டார் என்று விசுவாசிக்கிறேன். அவருக்கு ஆல்பம் தேவையில்லை. ஆனால் தேவன் காண்கிறார் என்பது நாம் காணாமலிருப்பதற்குச் சாக்காகாது.

பிரியமானவர்களே, வரும் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் ஆலய வாசலில் கூடுவோம். அந்தக் கேமராவை முக்காலியில் வைத்திருப்பேன், ஃபிலிமும் போட்டாயிற்று. விடியுமுன் ஆலயத்தைப் பெருக்குகிறவர்களும், மணி அடிக்கிறவரும், அசன நாளில் அடுப்பருகே நிற்கிற தாய்மாரும் முன்வரிசைக்கு வாருங்கள். உங்கள் வீட்டிலும் எல்லாரையும் அமரவைத்துப் பரிமாறிவிட்டு, தான் மட்டும் அமராதவர் யார் என்று இவ்வாரம் பாருங்கள். அவரை அழையுங்கள். அவர் வந்து சேரும்வரை காத்திருங்கள்.

கர்த்தர்தாமே நம் கண்களைத் திறப்பாராக. ஆமென்.