பொட்டைக் குட்டிக்கு ஒரு பேர்

நாய்க்குட்டி கேட்டு வருகிறவர்கள் பெரும்பாலும் "ஆண் குட்டி இருக்குதுங்களா?" என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். ஒரு ஈற்றில் பிறந்த ஆண் குட்டிகள் சீக்கிரமே ஆளுக்கொன்றாகப் போய்விடும். மிஞ்சுவது பெண் குட்டிகள். அவற்றைச் சாக்கில் போட்டு சந்தைப் பக்கமோ ஊர் எல்லையிலோ விட்டுவிட்டு வருவது இன்றும் நடக்கிறது. காங்கேயம், வெள்ளக்கோவில் பகுதிகளில் தெருநாய்கள் பட்டிக்குள் புகுந்து ஆடுகளைக் கடித்துக் கொல்வதும், விவசாயிகள் இழப்பீடு கேட்டுப் போராடியதும் எல்லோருக்கும் தெரியும். அந்தக் கூட்டத்தில் இப்படி விடப்பட்ட குட்டிகளும், அவை போட்ட குட்டிகளும் உண்டு.

காங்கேயம் பக்கத்தில் கொறங்காட்டில் செம்மறி மேய்க்கும் ஒரு குடும்பம். பக்கத்துத் தோட்டத்து நாய் ஐந்து குட்டி போட்டது. மூன்று ஆண் குட்டிகளும் போய்விட, மீதி இரண்டில் ஒன்றை ஏழாவது படிக்கும் மகள் தாவணித் துணியில் சுற்றிச் சாளைக்குத் தூக்கி வந்துவிட்டாள். செவலை நிறம், முகம் மட்டும் கருப்பு.

அப்பத்தா ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். "பொட்டைக் குட்டி வேண்டாங்கண்ணு. வருசத்துக்கு ரெண்டு தடவை பருவத்துக்கு வரும். ஊர்ல இருக்கற நாயெல்லாம் நம்ம வாசல்ல வந்து நிக்கும். அப்புறம் அஞ்சு குட்டி, ஆறு குட்டி. அதுகளை யாரு பார்க்கறது?"

அவர் சொன்னதில் தப்பில்லை. நாய்க்குச் சினைக்காலம் இரண்டு மாதம்தான். ஒரு பொட்டை நாய் இரண்டு வருடத்தில் எத்தனை குட்டி போடும் என்று கணக்குப் போட்டால் யாருக்கும் பயம் வரும்.

மகள் அதற்குப் பதில் சொல்லவில்லை. "என்ன பேரு வெக்கலாம்?" என்று மட்டும் கேட்டாள்.

"பேரு வெச்சுட்டா அப்புறம் கொண்டுபோய் விட மனசு வராது. வெக்கறதுக்கு முன்னாடியே முடிவு பண்ணிக்குங்க" என்றார் அம்மா. விஷயம் அங்கேதான் இருந்தது. பேர் இல்லாத வரைக்கும் அது ஏதோ ஒரு குட்டி. பேர் வைத்துவிட்டால் அது வீட்டுக் கணக்கில் வந்துவிடும். அதற்கு ஒரு தட்டு, ஒரு கயிறு, ஒரு ஊசி எல்லாம் பார்க்க வேண்டும்.

அப்பா மறுநாள் ஆட்டுக்குக் குடற்புழு மருந்து வாங்கக் கால்நடை மருந்தகத்துக்குப் போனபோது குட்டியைப் பற்றியும் கேட்டார். மூன்று மாதம் ஆனதும் வெறிநோய்த் தடுப்பூசி போட வேண்டும், பிறகு மருத்துவர் சொல்கிறபடி மறு ஊசியும் வருடந்தோறும் ஒரு ஊசியும் தேவை என்றார் மருத்துவர். ஆறு மாதத்துக்கு மேல் கருத்தடை அறுவைச் சிகிச்சை செய்துவிட்டால் பருவத்துக்கும் வராது, குட்டியும் போடாது, காவலும் குறையாது என்றும் சொன்னார். கடைசியில், "அட்டை போடணும், பேரு என்ன?" என்று கேட்டார். அப்பா, "ஊசிக்கு வரும்போது சொல்றேனுங்க" என்று சொல்லிவிட்டு வந்தார்.

அன்று ராத்திரி சோறு உண்ணும்போது பேச்சு அதுதான். ஜூலி, ரோசி என்று முதலில் வந்தது. அக்கம்பக்கத்துத் தோட்டங்களில் மூன்று ரோசி இருக்கின்றன. கூப்பிட்டால் மூன்றும் திரும்பும். லட்சுமி என்றால் தொண்டுப்பட்டியில் கட்டியிருக்கும் மாடு தலையைத் தூக்கும். செவலை என்பதும் மாட்டின் பேர்தான். நிலா என்பது அழகு. ஆனால் கிழக்கால தோட்டத்துப் பேத்தியின் பேரும் அதுவே. "ஏ நிலா, எச்சில் தட்டுல வாய வெக்காத!" என்று ஒரு நாள் கத்தினால் போதும், இரண்டு தோட்டத்துக்கும் பேச்சுவார்த்தை நின்றுவிடும். மல்லி என்றார் அம்மா. சந்தைக்குப் போகிறவரிடம் "மல்லி வாங்கிட்டு வாங்க" என்று சொன்னாலும் குட்டி ஓடி வரும் என்று அவரே சிரித்தார்.

மகளுக்குச் செங்காந்தள் என்று வைக்க ஆசை. மாநில மலர் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருந்தாள். மூலனூர்ப் பக்கம் கண்வலிக்கிழங்கு என்று பயிர் செய்வதும் அதைத்தான். எழுதிப் பார்க்க நன்றாக இருந்தது. ஆனால் அவ்வளவு நீளத்தைத் தினமும் யார் கூப்பிடுவார்கள்? நாலே நாளில் 'காந்தா' என்று சுருங்கிவிடும். காந்தா என்பது அப்பத்தாவின் தங்கச்சி பேர். அதோடு அது போயிற்று.

குட்டி விளக்கடியில் படுத்திருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்த அப்பத்தா, "உடம்பு செவப்பு, மூஞ்சி கருப்பு. வேலியில காய்க்கற குண்டுமணியாட்டமே இருக்குது" என்றார்.

குண்டுமணி என்றால் குன்றிமணிதான். அந்தக் காலத்துத் தட்டான்கள் அதை வைத்துத்தான் தங்கம் நிறுத்தார்கள். ஒரு குண்டுமணித் தங்கம் என்று சொல்வது அதனால்தான். விதை விஷம், ஆடு மாடு தின்னக்கூடாது. ஆனால் நிறமும் பளபளப்பும் அப்படி. மணி என்று சுருக்கினால் ஊரில் பாதி ஆண் நாய்க்கு அந்தப் பேர். அதனால் முன்பாதியை எடுத்துக்கொண்டார்கள்: குன்றி. இரண்டே எழுத்து போல நாக்கில் நிற்கிறது. கடைசி எழுத்தை இழுத்துக் கூப்பிட்டால் கொறங்காட்டின் அந்தக் கோடி வரைக்கும் கேட்கிறது.

அதற்குப் பிறகு குட்டியைக் கொண்டுபோய் விடுவதைப் பற்றி யாரும் பேசவில்லை. தட்டு வைக்கும்போதெல்லாம் பேர் சொல்லி வைத்தார்கள். திட்டும்போது மட்டும் பேர் சொல்லக்கூடாது என்று மகள் சட்டம் போட்டாள். பத்து நாளில் குன்றி திரும்பிப் பார்க்க ஆரம்பித்தது. மூன்றாம் மாதம் ஊசி போட்டபோது அட்டையில் அந்தப் பேர் ஏறியது.

ஐந்தாம் மாதத்தில் ஒரு நாள் பொழுது சாயும் நேரம், கிளுவை வேலிக்கு அந்தப் பக்கம் நாலைந்து தெருநாய்கள் வந்து நின்றன. குன்றி வேலிச் சந்தில் நுழைந்து அவற்றை நோக்கி ஓடியது. வீட்டில் அப்பத்தா மட்டும்தான். வேலியோரம் போய் "குன்றீ..." என்று ஒரு குரல் கொடுத்தார். குட்டி நின்று, திரும்பி, வாலைத் தாழ்த்திக்கொண்டு வந்துவிட்டது. மகள் பள்ளியிலிருந்து வந்ததும் அப்பத்தா சொன்னது: "ஆறு மாசம் ஆனதும் அந்த ஆப்பரேசனைத் தள்ளிப் போடாம பண்ணிப்போடச் சொல்லு உங்கப்பன்கிட்ட." அதுவும் ஏழாம் மாதத்தில் நடந்தது.

பேர் வைக்கும் முன் கவனிக்க

* இரண்டு அசையில் இருக்கட்டும். 'ஈ', 'ஆ' என்று இழுத்துக் கூப்பிட வருகிற பேர் தோட்டத்துக்கு நல்லது.
* வீட்டு மாடு கன்று, அக்கம்பக்கத்து நாய், உறவுக்காரர், அண்டை வீட்டுப் பிள்ளை யாருடைய பேரும் வேண்டாம். அந்தப் பேரைச் சொல்லி உரக்க அதட்டினால் யாராவது கோபித்துக்கொள்வார்களா என்று ஒரு முறை யோசியுங்கள்.
* நிறம், பூ, பறவை, தானியம் எனச் சுற்றிலும் பார்த்தாலே அழகான பேர்கள் கிடைக்கும்: சிட்டு, தும்பை, பவளம், ஆவாரை.
* வீட்டில் எல்லோரும் ஒரே பேரில் கூப்பிடுங்கள். ஆளுக்கொரு பேர் வைத்தால் நாய் எதற்கும் திரும்பாது.
* பேர் வைத்த கையோடு தடுப்பூசி அட்டையும் போட்டுவிடுங்கள். உலக வெறிநோய் தினமான செப்டம்பர் 28-ஐ ஒட்டிப் பல கால்நடை மருத்துவமனைகளில் இலவச ஊசி முகாம் நடக்கும்.