7ஆம் இலக்கக் கிணறு ஆற்றை?

இறுதி வருட ஆய்வுக்காக நாங்கள் மூன்று பேர் வலிகாமத்துக் கிராமமொன்றில் வீடு வீடாகப் போய்க் கிணற்றுத் தண்ணீர் எடுத்தோம். நைத்திரேற்று எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பதுதான் வேலை. சனங்கள் வாளியும் தந்து, தேத்தண்ணியும் தந்து அனுப்பினார்கள். அதனால் முடிவையும் அவர்களிடம் சொல்லவேண்டும் என்று சனசமூக நிலையத்தில் ஒரு கூட்டம் வைத்தோம்.

கொண்டுபோனது பல்கலைக்கழகத்தில் காட்டிய அதே 24 சிலைட்டுகள். ஆங்கிலத்தை மட்டும் தமிழாக்கியிருந்தோம். "நியம விலகல்", "பருவகால மாறுபாடு" எல்லாம் சுத்தத் தமிழ்தான். பத்தாவது நிமிடத்தில் முன்வரிசை ஐயா கொட்டாவி விட்டார். பின்னால் கைக்குழந்தையோடு நின்ற அக்கா ஒருவர் கேட்டா: "தம்பியவை, உந்த உயரமாத் தெரியிற 7ஆம் இலக்கக் கிணறு ஆற்றை? எங்கட தண்ணியில பிள்ளைக்கு மாப்பால் கரைக்கலாமோ, ஏலாதோ?"

நாங்கள் சராசரியைச் சொன்னோம். "நான் கொதிக்க வைச்சுத்தானே குடுக்கிறன்" என்றா அவ.

அப்போதுதான் எங்களுக்கு விறைத்தது. நைத்திரேற்றுக்கு லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்று உலக சுகாதார அமைப்பு எல்லை வைத்ததே முக்கியமாக மாப்பால் குடிக்கும் சிசுக்களை நினைத்துத்தான். கூடினால் இரத்தம் ஒட்சிசன் காவுவது குறைந்து பிள்ளை நீலம் பாரிக்கலாம். கொதித்தால் கிருமி சாகும், நைத்திரேற்று போகாது. தண்ணீர் வற்ற வற்றச் செறிவுதான் கூடும். இது எங்கள் அறிக்கையில் ஒரு வரியாக இருந்தது. 24 சிலைட்டிலும் இல்லை!

தட்டுத்தடுமாறி அதைச் சொல்ல, ஒரு ஆச்சி இடையில் புகுந்தா: "உப்புத்தண்ணி காய்ச்சின மாதிரியெண்டு சொல்லன் மோனை. தண்ணி போகும், உப்பு நிக்கும்." எல்லாருக்கும் விளங்கிவிட்டது.

கொட்டாவி விட்ட ஐயாவும் நிமிர்ந்து, "அப்ப உரம் போடாமல் வெங்காயம் விளையுமோ?" என்றார். பயிர் எடுக்காமல் விட்ட உரம் மழையோடு செம்மண்ணால் இறங்கி, வெடிப்புள்ள சுண்ணாம்புக்கல்லுக்குள்ளால் கிணற்றுக்கு வருகிறது, மலகூடக் குழியிலிருந்தும் வருகிறது என்று சொல்ல எங்களால் முடிந்தது. எவ்வளவு குறைக்கலாம் என்பதற்கு விவசாயப் போதனாசிரியரைத்தான் கூப்பிடவேண்டி வந்தது.

அடுத்த கிழமை ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு துண்டோடு போனோம். அந்தக் கிணற்றின் அளவு, 50 என்ற எல்லை, என்ன செய்யலாம் என்று மூன்றே வரி. ஆய்வில் பெயர்களுக்குப் பதிலாக இலக்கம் போட்டது அவர்களை ஊருக்கு முன்னால் காட்டிக் கொடுக்காமல் இருக்கத்தான். நாங்களோ அவர்களின் கிணற்றை அவர்களிடமிருந்தே மறைத்து வைத்திருந்தோம்.

7ஆம் இலக்கம் அந்த அக்காவின் கிணறு அல்ல. ஆனால் அவவின் கிணறும் எல்லைக்கு மேலேதான். இப்போது பிள்ளையின் பாலுக்கு மட்டும் வேறு இடத்திலிருந்து தண்ணீர் எடுக்கிறா.

ஆய்வு செய்கிற நண்பர்களே, சிலைட்டு செய்ய முதல் உங்களுக்குத் தண்ணீர் அள்ளித் தந்தவரிடம் ஒருக்காப் போய், "உங்களுக்கு இதில என்ன தெரியவேணும்?" என்று கேளுங்கள். நாங்கள் அதைக் கடைசியாகக் கேட்டோம்.